மூன்று கட்டுக் கீரை

கீரையை அதிகம் வேகவிடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. கொதிக்கிற உப்புத் தண்ணீரில் போட்டு, பச்சை தூக்கலானதும் எடுத்துக் குளிர்ந்த நீரில் அமிழ்த்திவிட வேண்டும். பிறகு கையால் பிழிந்து, வெண்ணெயில் பூண்டோடு ஒரு புரட்டு. எலுமிச்சை கடைசியில்தான். வறுத்த மீனுக்குப் பக்கத்தில் வைத்தால் கை முதலில் கீரைக்குத்தான் போகும். எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, வீட்டிலும் சொல்லுங்கள்.

என் கணவருக்குக் கீரை பிடிக்காது. "நான் என்ன ஆடா, மாடா?" என்பார். பதினோரு வருடங்களுக்கு முன் அவர் இதயத்தில் செயற்கை வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க தினமும் ஒரு மாத்திரை, அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க மாதம் ஒரு ரத்த டெஸ்ட். ஆபத்து நீங்கியது, பயம் நீங்கவில்லை. அதை என் தலையில் கட்டிவிட்டார். நான் சமைக்கும்போது சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னார். தையல் வேலையை விடச் சொன்னார், விட்டேன். கடைக்குப் போனால் இருபதாவது நிமிடம் போன் வரும்.

"எங்க இருக்க?"

"வரிசையில நிக்கிறேங்க."

"முன்னாடி எத்தனை பேரு?"

"நாலு பேரு."

"சீக்கிரம் வந்துரு, நெஞ்சு என்னமோ பண்ணுது."

நெஞ்சு ஒன்றும் பண்ணியிருக்காது. அவர் அடித்ததில்லை, திட்டியதுமில்லை. அதையும் எழுதுங்கள். அடித்திருந்தால் நாலு பேரிடம் சொல்லி அழுதிருக்கலாம். இதைச் சொன்னால், "கொடுத்து வச்சவ நீ" என்றார்கள். எனக்கு மூச்சு முட்டியது.

டாக்டரிடம் பேசுவதெல்லாம் நான்தான். டாக்டரைக் கண்டாலே இவருக்கு வாயடைத்துவிடும். இந்த வருட ஆரம்பத்தில், இவர் உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது டாக்டர் என்னிடம் சொன்னார்: "கீரை அளவை மட்டும் மாத்திடாதீங்கம்மா. திடீர்னு கூடினா மாத்திரை வேலை செய்யாது, ரத்தம் கட்டிக்கும்."

வெளியே வந்ததும் இவர் கேட்டார்.

"என்ன சொன்னாரு?"

"கீரை நிறைய சாப்பிடச் சொன்னாருங்க. ரத்த டெஸ்ட் இனி ஆறு மாசம் கழிச்சுப் போதுமாம்."

இரண்டே வாக்கியம். அதற்குமேல் நான் பொய் சொல்லவில்லை.

மூன்று கட்டுக் கீரையைப் பிழிந்தால் ஒரு கைப்பிடி. தட்டில் பார்த்தால் இவ்வளவுதானா என்று தோன்றும். தினமும் மீன், தினமும் கீரை. முகத்தைச் சுளித்துக்கொண்டு ஆரம்பித்தவர், போகப்போகத் தட்டை வழித்தார். ஏழாவது வாரம் சாப்பாட்டு மேசையிலேயே வாய் கோணியது, கரண்டி நழுவி விழுந்தது. நான் வாணலியைக் கழுவி வைத்தேன், காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும். பிறகு கதவைத் திறந்து தெருமுனைவரை நடந்தேன். போன் வரவில்லை. திரும்பி வந்துதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

மருந்துக்கடைக்காரர் சொன்னதாக இப்போது நீங்கள் சொல்கிறீர்கள். இறப்பதற்கு மூன்று வாரம் முன்பே இவர் அவருக்குப் போன் போட்டு, கீரை நிறையச் சாப்பிடலாமா என்று கேட்டாராம். கூடவே கூடாது, உயிருக்கே ஆபத்து என்று அவர் தெளிவாகச் சொன்னாராம். என்னிடம் இவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றும் மறுநாளும், "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்றுதான் கேட்டார்.

ஆமாம், கொன்றது நான்தான். ஆனால் தெரிந்தும் சாப்பிட்டாரென்றால் பாருங்கள் ஐயா, அவ்வளவு ருசியாக இருந்திருக்கிறது.