குழந்தைக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவள்

மதியம் பன்னிரண்டே கால். பெருமுக்கல் மலையைத் தாண்டி உள்ளே போகும் ஒற்றைத் தார்ச்சாலை. இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லை, கண்ணுக்கு எட்டியவரை வேர்க்கடலைச் செடி. ஆள் இல்லை... ஆடு இல்லை... ஒரு காக்கைகூடக் கத்தவில்லை.

விளக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்துங்கள். பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? இது பட்டப்பகலில் நடந்தது. நம் தெருவில் இளவரசி இருக்கிறாளே, அவளுடைய நாத்தனார் கலைமதிக்கு. கிராம சுகாதார நர்ஸ். கோபக்காரி, ஆனால் பொய் சொல்லத் தெரியாதவள்.

அந்தச் சாலையில் கலைமதி ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தாள். முன்னால் எடை பார்க்கும் மெஷின் பை. வெண்ணிலா என்ற பெண்ணின் பதினொரு நாள் குழந்தையைப் பார்க்க வேண்டும். மாதம் நிறையாமல் பிறந்தது. ஒன்றே முக்கால் கிலோ. "குளிப்பாட்டாதீங்க. துடைச்சா போதும். நெஞ்சோட அணைச்சு வெச்சிக்கோங்க" என்று பத்து தடவை சொல்லி அனுப்பியிருந்தாள். காலையில் வெண்ணிலாவிடமிருந்து போன்.

"நர்சம்மா... பாப்பா மூணு நாளா பால் இழுக்க மாட்டுது. மூக்கு கர்ரு கர்ருங்குது. ஜல்தி வாங்க."

வாசலில் வண்டியை நிறுத்தும்போதே வாடை. முதலில் சாம்பிராணி... அதற்கு அடியில் புளித்த பால்... அதற்கும் அடியில் இன்னொன்று. நாள்பட்ட சளி. பன்னிரண்டு வருடமாக நோயாளிகளின் சளி டப்பாவைச் சுமந்து பழகியவள் கலைமதி. அவளே முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

வெண்ணிலாவின் மாமியார் விசாலாட்சி கூடத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க நர்சம்மா. மோரு குடிக்கிறீங்களா?"

"பாப்பா எங்க?"

"பின்னாடி. ஒரு ஆயா தண்ணி ஊத்துது."

"குளிப்பாட்டக் கூடாதுன்னு சொன்னனா இல்லியா?"

"நீங்க சொல்லிட்டுப் போயிடுவீங்க. கவுச்சி வாடையோட எத்தினி நாளு வெச்சிக்கினு இருக்கறது? எம்புள்ளைய அப்பிடித்தான் வளத்தேன். எரும மாதிரி நிக்கறான், போய்ப் பாருங்க."

"யாரு அந்த ஆயா?"

"தெர்லம்மா. பனமலப் பக்கமாம். முக்காடு போட்டுக்கினு மூணு நாளா அதுவா வருது. ஒரு வாய் தண்ணிகூடக் கேக்கல. நல்ல மனசு."

அப்போது பின்கட்டிலிருந்து கேட்டது.

சர்ர்ர்ர்ர்... நீளமாக, எதையோ உறிஞ்சும் சத்தம். கொஞ்சம் மௌனம். பிறகு... த்தூ.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் அதன் மூக்கில் வாயை வைத்து ஊதுவார்கள். பிறகு உறிஞ்சிச் சளியை எடுப்பார்கள். பாசமாகத்தான் செய்கிறார்கள். ஆனால் ஊதுகிறவரின் நெஞ்சில் என்ன இருக்கிறதோ, அது குழந்தையின் நெஞ்சுக்குப் போய்விடும்.

கலைமதி பின்கட்டுக்கு ஓடினாள்.

கீற்று மறைப்புக்குள் ஒரு கிழவி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே குழந்தை. பக்கத்தில் வெண்ணிலா, கையில் வெந்நீர்ச் சொம்போடு... கண் திறந்திருந்தது, இமைக்கவில்லை. நின்றபடியே தூங்குகிறவளைப் போல.

கிழவி குனிந்தாள். குழந்தையின் மூக்கும் வாயும் அவள் வாய்க்குள் காணாமல் போயின. சர்ர்ர்ர்... தலையைத் தூக்கினாள். அவள் உதட்டுக்கும் குழந்தையின் மூக்குக்கும் நடுவே ஒரு கோழை நூல். நீண்டது... வெயிலில் பளபளத்தது... அறுபடவில்லை. அதை ஒரு விரலால் வழித்தாள். அதே விரலைக் குழந்தையின் வாயில் விட்டுத் தொண்டையைச் சுற்றித் துழாவினாள். குழந்தை அழவில்லை. அதன் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது.

பக்கத்தில் ஓர் எவர்சில்வர் தட்டு. அதில் அவள் துப்பியது. மஞ்சளாக, கட்டியாக, நடுவில் ரத்தக் கீற்றோடு. சாரையாக வந்த எறும்புகள்கூட அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போயின.

கிழவி திரும்பினாள். முக்காடு விலகியது.

அஞ்சம்மாள்.

அதே ஊர்க்காரி. செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

அந்த ஊரில் நாற்பது வருடம் எல்லாக் குழந்தைக்கும் தண்ணீர் ஊற்றியவள் அவள்தான். கடைசி இரண்டு வருடத்தில் மூன்று பச்சைக் குழந்தைகள் நெஞ்சில் சளி கட்டி இறந்தன. சந்தேகப்பட்டு அஞ்சம்மாளின் சளியைப் பரிசோதனைக்கு அனுப்பியது கலைமதி. டிபி. முடிவு வந்த அன்றைக்கு அவளால் கோபத்தை அடக்க முடியவில்லை. ரேஷன் கடை வரிசையில், அத்தனை பேர் முன்னாலும் கத்தினாள்.

"மூணு புள்ளைங்கள வாயாலயே தின்னுட்டியே! இனிமே எந்தப் புள்ளையையாவது தொட்ட..."

தடுத்தது சரிதான். தடுத்த விதம் சரியில்லை. அன்றிலிருந்து அஞ்சம்மாளுக்கு ஊரில் ஒருவரும் ஒரு டம்ளர் தண்ணீர் தரவில்லை. கலைமதி மட்டும் வாரா வாரம் மாத்திரை கொண்டுபோவாள். கூரை வீட்டின் வாசலிலேயே வைப்பாள். உள்ளே எட்டிப் பார்க்க மாட்டாள். பேச மாட்டாள். அஞ்சம்மாள் இறந்ததே மூன்றாம் நாள் நாற்றம் வந்துதான் தெரிந்தது.

இப்போதும் அதே வசவு கலைமதியின் தொண்டை வரை வந்தது. பிடுங்கிக்கொள்ளலாம் என்று கையை நீட்டினாள். கிழவியின் பிடி இறுகியது. அந்தப் பிஞ்சு விலா ஒரு தரம் உள்ளே போனது... வெளியே வரவில்லை.

மலைமேல் இருக்கிற சாமியை நினைத்துக்கொண்டாள் கலைமதி. அந்தச் சகதியிலேயே, கிழவிக்கு எதிரே, முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"ஆயா... சாப்ட்டீங்களா?"

சர்ர்ர் என்று தொடங்கிய சத்தம் பாதியில் நின்றது.

"தண்ணியாவது குடிங்க ஆயா. வெயில்ல நடந்து வந்திருக்கீங்க. பாப்பாவ எங்கிட்ட குடுங்க... உங்களுக்குக் கால் மரத்துப் போயிருக்கும்."

தன் பாட்டிலைத் திறந்து, தன் கையாலேயே அந்த உதட்டில் வைத்தாள். உதடு நத்தை போலக் குளிர்ந்து ஒட்டியது. அவள் கையை எடுக்கவில்லை. கிழவி மடக் மடக்கென்று குடித்தாள். உள்ளே போன தண்ணீர் தங்கவில்லை. விலாப் பக்கமாக, புடவையை நனைத்துக்கொண்டு, மஞ்சளாக வழிந்து கலைமதியின் முட்டியைத் தொட்டது. வெதுவெதுப்பாக. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சளி இன்னும் முழுசா வரலம்மா..." என்றாள் அஞ்சம்மாள். கெஞ்சுவது போல.

"நாங்க பாத்துக்கறோம் ஆயா. நீங்க ரெஸ்ட் எடுங்க."

பிடி தளர்ந்தது. குழந்தை கலைமதியின் கைக்கு வந்தது... உரித்த கோழி போலச் சில்லென்று. முதுகைத் தேய்த்தாள், உள்ளங்காலைச் சுண்டினாள். ஒரு விக்கல். பிறகு மூச்சு. நிமிர்ந்து பார்த்தபோது எதிரே ஈரக் கல் மட்டும்தான் இருந்தது.

வெண்ணிலாவின் கையிலிருந்து சொம்பு விழுந்தது. "நர்சம்மா, நீங்க எப்ப வந்தீங்க?" என்றாள்.

குழந்தையை வெண்ணிலாவின் ஜாக்கெட்டுக்குள், தோலோடு தோலாக வைத்துக் கட்டி, ஆம்புலன்சில் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வந்தது யார் என்று தெரிந்ததும் விசாலாட்சி வழியெல்லாம் தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி நானு... நல்ல மனசுன்னு சொன்னனே." கலைமதி அவளைத் திட்டவில்லை. கையைப் பிடித்துக்கொண்டாள்.

எட்டாம் நாள் வெண்ணிலா போன் செய்தாள். மூக்கு தெளிந்துவிட்டது. குழந்தை பால் இழுத்துக் குடிக்கிறது.

அன்று சாயங்காலமே கலைமதி அஞ்சம்மாளின் கூரை வீட்டுக்குப் போனாள். ஓர் அகல், கொஞ்சம் எண்ணெய், ஒரு முழம் பூ. கிழவி உயிரோடு இருந்தபோது கலைமதி ஒரு நாளும் தாண்டாத வாசல். தட்டியைத் தள்ளினாள். அதே வாடை. மூக்குக்குப் போன முந்தானையைக் கீழே விட்டுவிட்டாள். இருட்டில் துழாவி விளக்கை ஏற்றி வைத்துக் கும்பிட்டாள்.

கும்பிட்ட கையைப் பிரிக்கும் முன்... சொட்.

கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. சொட்.

தண்ணீர்ப் பானை எட்டு மாதமாகக் காய்ந்து, சிலந்தி கட்டிக் கிடந்தது. கலைமதி விளக்கை உயர்த்தினாள். குறுக்கே ஒரு கொடி. அதில் பச்சைக் குழந்தைகளைத் துவட்டுகிற துண்டுத் துணிகள். வரிசையாக, சுருக்கம் இல்லாமல், நான்கு.

செத்துப்போன குழந்தைகளுக்கு ஒவ்வொன்றாக, மூன்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நான்காவதைத் தொட்டுப் பார்த்தாள். அது காய்ந்திருந்தது. யாரோ அதற்கு இப்போதுதான் சாம்பிராணிப் புகை காட்டியிருந்தார்கள்... சூடு இன்னும் ஆறவில்லை.