ஏழாம் நாற்காலிக்கு வந்த காற்று

சோதனை அறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் அமர்ந்தே உழைத்து, இன்று எழுந்து செல்லும் எங்கள் ‘ஏழாம் நாற்காலி அம்மா’ அவர்களுக்கு, பணி நிறைவு நாளில் உடன் உழைத்தோர் வாசித்து வழங்கும் மடல்

காற்றைக் கன்னத்தால் எடை போட்டவரே! கண்ணுக்குத் தெரியாத சரக்கில் கடுகளவு குறையையும் கண்டு சொன்னவரே! பச்சை மையால் எங்களைப் பிழைக்க வைத்து, வெள்ளைச் சுண்ணக்கட்டியால் எங்கள் தூக்கத்தைக் கலைத்தவரே! விரல் நுனியளவுக் கைக்குமிழ் ஒன்றுக்காக மூன்று மாதம் மல்லுக்கு நின்றும், ஒருமுறைகூடக் குரல் உயர்த்தாதவரே! வணக்கம்.

நம் தொழிற்சாலை குளிர்காற்றைச் செய்வதில்லை. அதை வேறு யாரோ செய்கிறார்கள். அது சுவரிலிருந்து வெளியே வரும் வாயை மட்டுமே நாம் செய்கிறோம். ‘காற்றுவாய்’ என்று வாசல் பலகையில் அழகாக எழுதியிருக்கிறது. வென்ட் என்று சொன்னால்தான் நம்மவர்க்கே புரியும். அடுக்கிவைத்த தகடுகள் பன்னிரண்டு. அவற்றைக் கையால் திருப்ப ஒரு குமிழ். தானாகவே இடமும் வலமும் அசைக்க உள்ளே ஒரு குட்டி மோட்டார். சாமான் இவ்வளவுதான். இதில் முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு ஒருவர்க்கு என்ன வேலை என்று கேட்போர், ஏழு பேர் இருக்கும் அறையில் ஏழாவது ஆளாக ஒருநாளும் உட்கார்ந்திராதவர்கள்.

மூலையறிந்த முதல்வியே! சோதனை அறையில் அரைவட்டமாக ஏழு நாற்காலிகள். புது மாதிரி எது வந்தாலும் முதல் ஆறில் கைக்கு அகப்பட்டவரெல்லாம் உட்காரலாம். பேசலாம், நெளியலாம், கொட்டாவி விடலாம். தூணுக்கு அப்பால், மூலையை ஒட்டிய ஏழாவது மட்டும் தங்களுடையது. அதில் அமர்பவர் அசையக் கூடாது என்பது தாங்களே தங்களுக்கு விதித்துக்கொண்ட விதி. கண்ணை மூடிக் கன்னத்தைச் சற்றே உயர்த்தி அமர்வீர்கள். காற்று வந்து சேர்ந்தால் பச்சை மையில் ஒப்பம். சேராவிட்டால் அந்த மாதிரியின் முதுகில் சுண்ணக்கட்டியால் இரண்டே சொல்: ‘ஏழுக்கு வரவில்லை.’ தகடு வார்க்கும் அச்சுப் பிரிவின் மேஸ்திரி இந்த இரண்டு சொல்லைத் தூக்கத்தில் கண்டு எழுந்து, வீட்டு மேசைவிசிறியைக் கழற்றிச் சரிபார்த்ததற்கு அவர் மனைவியே சாட்சி.

தங்கள் கன்னத்தின் திறத்தை வெளியே சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆகவே குறைத்தே சொல்லி வருகிறோம். காற்றின் வேகம் அளக்கும் கருவியைச் சரிபார்க்க அனுப்பியபோது, அது ஒரு சீட்டோடு திரும்பி வந்தது: ‘கருவியில் பிழை இல்லை, இருந்தாலும் அந்த அம்மா சொல்வதையே எழுதிக்கொள்ளவும்.’ கைக்குமிழ் மட்டுமே இருந்த காலத்தில், வாசல் காவலரின் மீசை பதினொரு ஆண்டு இடப்பக்கமே சாய்ந்திருந்தது. தானே அசையும் வாயைத் தாங்கள் பொருத்தச் சொன்ன பிறகுதான் அது நடுநிலைக்கு வந்து, மனிதர்க்கும் நியாயம் பேசும் குணம் வந்தது. இரண்டும் உண்மை. காவலர் இங்கேதான் இருக்கிறார்; வேண்டுவோர் மீசையைப் பார்த்துக்கொள்ளலாம்.

தானே அசையும் முதல் மாதிரியை ஆர்வக் கோளாறில் தங்களைக் கேளாமல் அலுவலகத்தில் மாட்டிய கதையையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம். அது இடமும் வலமும் தலையாட்டிய வேகத்தில் சுவரிலிருந்த நாள்காட்டி தாள் தாளாகப் பறந்து, மதியச் சாப்பாட்டுக்கும் மாலைத் தேநீருக்கும் நடுவே மூன்று மாதம் கழிந்துவிட்டது. அந்த மூன்று மாதத்தின் பணிமூப்பை அலுவலகம் இன்றுவரை எங்களுக்கு வழங்கவில்லை. வயதை மட்டும் கூட்டிக்கொண்டது. அன்று தாங்கள் வந்து மூலையில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்:

“ஓடுது, ஓடுது, ஓடிக்கிட்டே இருக்கு. மூலைல இருக்கறவங்க மூஞ்சியத் தொட்டுட்டு ஓடிப்போற காத்து என்ன காத்து? அந்தக் கடைசில ரெண்டு மூச்சு நின்னுட்டுத் திரும்பட்டும்.”

‘இரண்டு மூச்சு நின்று’ என்பது அதன்பின் வரைபடத்திலேயே ஏறிவிட்டது. நொடிக் கணக்கில் எழுதச் சொன்ன மேலதிகாரியிடம், “யாரோட மூச்சுன்னு கேக்காம இருந்தீங்களே, அதுவே போதும்” என்று மேஸ்திரி நன்றி சொன்னார். அதே ஆண்டில்தான் இன்னொன்றும் சொன்னீர்கள். ஓடும் வாயைக் கையால் திருப்பினால் உள்ளே பல்சக்கரம் முறிந்துகொண்டிருந்தது. கைமேல்தான் தப்பு என்றோம் நாங்கள். “கை பட்டா மோட்டார்தான் விட்டுக்குடுக்கணும். கை எங்க விட்டுச்சோ அங்கயே நிக்கணும்” என்றீர்கள். அன்றுமுதல் நம் மோட்டார்கள் மரியாதை தெரிந்தவையாயின.

உறுதியின் உறைவிடமே! இனி, குமிழுக்காகத் தாங்கள் மல்லுக்கு நின்ற மூன்று மாதத்துக்கு வருகிறோம். வடிவமைப்புப் பொறியாளர் புது மாதிரியைக் கொண்டுவந்தார். கண்ணாடிபோல் வழவழத்த முகம், குமிழ் இல்லை, நடுவில் ஒரு சிறு கண். அறையில் யார் எங்கே இருக்கிறார் என்று அந்தக் கண்ணே பார்த்துக் காற்றை அனுப்பும்.

“இனிமே கையே வேணாம் மேடம். சென்சார் பாத்துக்கும்.”

“எதை வச்சுப் பாக்கும்?”

“ஆள் அசையறத வச்சு.”

“அசையலன்னா?”

“ஆள் இல்லன்னு அர்த்தம்.”

தாங்கள் சுண்ணக்கட்டியை எடுத்தீர்கள். அந்த மாதிரி மூன்று முறை வந்தது. மூன்று முறையும் முதுகில் எழுத்தோடு திரும்பியது.

தங்கள் ஒப்பம் இல்லாமல் எந்த மாதிரியும் வெளியே போகாது. ஆனால் தாங்கள் ஓய்வு பெற்ற மறுநாள் அந்த நாற்காலிக்கு வேறொருவர் வருவார், வந்த கையோடு ஒப்பமிடுவார் என்பதும் ஊரறிந்த செய்தி. அப்போது தங்களுக்கு மீதி இருந்தவை ஒன்பது நாள்கள். அதற்குள் கைக்குமிழ் திரும்பி வராவிட்டால், இனி நாம் செய்யும் எந்த வாயிலும் அது இருக்காது. நாங்கள் யார் பக்கம் நின்றோம் என்று கேட்டால், வெட்கத்தோடு சொல்கிறோம், எங்கள் பக்கமே நின்றோம். “போற நேரத்துல எதுக்கும்மா வம்பு? ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டு நிம்மதியாப் போங்களேன்” என்று தங்களிடம் சொன்னவன், இம்மடலை எழுதும் பண்டகசாலைக் கிழவனேதான். தாங்கள் கோபிக்கவில்லை. “ஸ்டோர் ஐயா, நீங்க வழக்கமா எத்தனாவது நாற்காலில உக்காருவீங்க?” என்று மட்டும் கேட்டீர்கள். மூன்றாவது. காற்று எப்போதும் வந்து சேரும் இடம்.

பொறியாளர் நேர்மையானவர், அதையும் இம்மடலில் பதிவு செய்கிறோம். “சரி மேடம், உங்க நாற்காலில நானே உக்காந்து காட்டறேன்” என்று ஏழாவதில் அமர்ந்தார். விதிப்படி அசையாமல் அமர்ந்தார். நாங்கள் ஆறு பேரும் இயல்பிலேயே நெளிகிறவர்கள். அதிலும் காவலர் மீசையைத் தடவாமல் அரை நிமிடம் இருந்ததில்லை. முதல் நிமிடம் காற்று ஏழு பேருக்கும் வந்தது. நான்காவது நிமிடம் அந்தக் கண் பொறியாளரை மறந்துவிட்டது. காற்று காவலர் மீசையிலேயே குடியிருந்தது. பத்தாவது நிமிடம் பொறியாளரின் நெற்றியில் வேர்வை துளிர்த்துக் கண்ணுக்குள் இறங்கியது. ஒரு விரலை அசைத்திருந்தால் போதும். அவர் செய்த சாதனம் அவரிடம் ஓடி வந்திருக்கும். அவர் அசைக்கவில்லை.

பார்த்துக்கொண்டிருந்த தாங்கள் சட்டென எழுந்து போனீர்கள். வெல்வதற்காகப் போகவில்லை, ஒருவர்க்கு வேர்க்கிறது, போனீர்கள், அவ்வளவுதான். தங்கள் கை வழக்கம்போலக் காற்றுவாயை நோக்கி உயர்ந்தது. அங்கே பிடிக்க ஒன்றுமில்லை. வழவழத்த அந்த முகத்தின் முன்னே கை அப்படியே நின்றது.

பொறியாளர் அந்தக் கையையே பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

“வீட்டுல யாருக்குத் திருப்பி விடறீங்க மேடம்?”

“எங்க வீட்டுக்காரருக்கு. மூணு வருஷமா கழுத்துக்குக் கீழ அசைவில்ல. காலைல வெயில் தலமாட்டுல இருக்கும், காத்த அங்க திருப்பி வச்சுட்டு வருவேன். மதியம் பக்கத்து வீட்டுப் பொண்ணு வந்து ஒருவாட்டி மாத்தி வைக்கும். சாயங்காலம் வெயில் கால்மாட்டுக்கு வந்துரும். நான் போய்த் திருப்பணும்.”

அறையில் நாங்கள் ஆறு பேரும் அன்றுதான் முதன்முறையாக அசையாமல் இருந்தோம்.

தாங்கள் எழுந்தால் மணி ஐந்து என்பது இங்கே பல நாள் வழக்கம். சுவர்க்கடிகாரம் பழுதான இரண்டு மாதமும் காவலர் தங்களைப் பார்த்தே மணியடித்தார். தாங்கள் விடுப்பு எடுத்த ஒரே ஒரு நாள் ஐந்து மணி ஆகவேயில்லை, நாங்கள் எல்லாரும் வேலையிலேயே மாட்டிக்கொண்டோம். அப்படி என்ன அவசரம் என்று நாங்கள் பேசாத பேச்சில்லை. தொலைக்காட்சித் தொடர் என்றார் ஒருவர். கண்டிப்பான மாமியார் என்றார் இன்னொருவர். வெயில் கட்டில் மேல் நகர்வதற்கு முன் வீடு போய்ச் சேர்ந்த ஓட்டம் அது என்று ஒருவர்க்கும் தோன்றவில்லை.

கைக்குமிழ் என்றால் தனக்கு வேண்டிய காற்றைத் தானே திருப்பிக்கொள்ளும் வசதி என்றே இத்தனை ஆண்டும் விளக்கப் புத்தகத்தில் அச்சடித்து வந்தோம். அது இன்னொருவர்க்காக எழுந்து போய்த் திருப்பும் இடம் என்பதைத் தங்கள் கை காட்டிய பிறகே அறிந்தோம். பண்டகசாலையில் இக்கிழவன் தலைக்கு நேர்மேலே ஒரு வாய் உண்டு. பிடிப்புக் கண்ட இவன் பிடரியை அதன் காற்று எட்டு ஆண்டாகத் தொட்டதில்லை. “காத்துக்கே என்னக் கண்டா பயம்” என்று இவன் சொல்லித் திரிந்ததை எல்லாரும் கேட்டிருக்கிறீர்கள். அன்று மாலை ஏணி போட்டு ஏறிப் பார்த்தான். தகடுகள் இவன் பிடரியை விட்டு விலகித் திரும்பியிருந்தன; குமிழில் பச்சை மை படிந்த விரல் அடையாளம் இருந்தது. இவன் அளந்த கதைகளில் பொய் என்று நிரூபிக்கப்பட்டது இது ஒன்றுதான்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். அச்சை வெட்டிக் குமிழுக்கு இடம் செய்ய ஒரு மாதம் ஆகும் என்றார் மேஸ்திரி. “அக்காவுக்கு ஒம்பது நாள்தான்யா இருக்கு” என்றார் பொறியாளர். மேடம் என்பதைத் தவிர வேறு சொல் அறியாத அவர் வாயில் அந்த ‘அக்கா’ எப்போது வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. மேஸ்திரி உடனே அச்சைக் கழற்றினார். கண்ணும் இருக்கட்டும், கையும் இருக்கட்டும், கை பட்டால் கண் விட்டுக்கொடுக்கட்டும் என்று முடிவாயிற்று. குமிழ் வைத்த முதல் மாதிரி நேற்று வந்தது. தாங்கள் ஏழாவதில் கண் மூடி அமர்ந்தீர்கள். பொறியாளர் எழுந்து குமிழைத் தங்கள் பக்கம் திருப்பினார். மோட்டார் மறுக்காமல் நின்றது. நான்கு நிமிடம், பத்து நிமிடம், இருபது நிமிடம். மணி நான்கு ஐம்பத்திரண்டுக்குப் பச்சை மை. ஐந்துக்கு எழுந்து போய்விட்டீர்கள். நாங்கள் கைதட்டியது தங்கள் காதில் விழுந்திருக்க வழியில்லை.

ஒப்பமிட்ட அதே மாதிரியைத் தங்கள் இல்லத்துக்கு எங்கள் நினைவுப் பொருளாக வழங்குகிறோம். நாளைக் காலை பொறியாளரும் மேஸ்திரியும் வந்து மாட்டித் தருவார்கள். குமிழ் தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் முழுதாகத் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டே கிளம்புவார்கள்.

எங்கள் அன்புக்குரியவரே! இந்த விழாவுக்கெனச் சோதனை அறையின் நடு நாற்காலியை அலங்கரித்துத் தங்களை அமரச் சொல்லியிருக்கிறோம். இதை எழுதும்போதே இவனுக்குத் தெரியும்: அதை விட்டுவிட்டு, தாங்கள் மூலையில் ஏழாவதில்தான் அமர்ந்திருப்பீர்கள். ஆகவே வாசிப்பவன் இங்கே சற்று நிறுத்துகிறான். மடலை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து, சுவரருகே போய்க் கையை உயர்த்துகிறான். பிடிக்க ஒன்று இருக்கிறது. திருப்புகிறான்.

அம்மா, ஏழுக்கு வருகிறதா?

வருகிறதென்றால், தாங்களும் தங்கள் வீட்டுக்காரரும் வெயில் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் குளிர்ச்சி குறையாமல், நோய்நொடி நெருங்காமல், நூறாண்டும் அதன்மேல் நாள்காட்டியிலிருந்து பறந்துபோன அந்த மூன்று மாதமும் சேர்த்து வாழ்க! மணி நான்கு ஐம்பது ஆகிறது. இனித் தங்களை ஒரு நிமிடமும் நிறுத்தி வைக்க மாட்டோம்.

இவண்,
ஒன்றாம் நாற்காலி முதல் ஆறாம் நாற்காலி வரை நெளிந்துகொண்டே அமர்ந்திருந்த
சோதனை அறை, அச்சுப் பிரிவு, வடிவமைப்புப் பிரிவு, பண்டகசாலை, வாசல் காவல்
பணியாளர்கள் அனைவரும்