மருந்துப் பக்கத்துக்கு வாய்ப்பூட்டு

விசாரணைக்கு வந்தவனுக்கு உட்கார நாற்காலி கொடுத்தீர்கள், நன்றி. எனக்கு இடுப்பு வலி உண்டு. கேட்டதைச் சொல்லிவிடுகிறேன், மழுப்பிப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை.

பார்வையற்றவர்களுக்குக் கணினித் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளை எழுதியவன் நான். பிறவியிலேயே கண் தெரியாத என் அண்ணனுக்காகத்தான் ஆரம்பித்தேன். இன்று நாற்பதாயிரம் பேர் அதை நம்பியிருக்கிறார்கள்.

இணையதளங்களின் அடியில் பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருக்கும். ஒருவனும் படிப்பதில்லை, 'சம்மதம்' என்று அழுத்திவிட்டுப் போகிறான். எச்சில் கையால் பொதுப் பாத்திரத்தில் அள்ளுகிறவனைப் பார்த்தால் வருமே, அந்தக் குமட்டல் எனக்கு வரும். ஒரு மருந்து நிறுவனம், தன் பக்கங்களை இயந்திரம் வாசிக்கக் கூடாது, யாரும் பிறருக்குப் படித்துச் சொல்லவும் கூடாது என்று போட்டிருந்தது. யாரும் கேட்காமலேயே என் மென்பொருளுக்கு வாய்ப்பூட்டுப் போட்டேன். அந்தப் பக்கங்கள் வந்தால் அது பேசாது.

சனிக்கிழமை அண்ணன் கூப்பிட்டார். அண்ணி பிறந்த வீட்டுக்குப் போயிருந்தார்.

"டேய், புது மாத்திரை குடுத்திருக்காங்க. பழசோட சேத்துப் போடலாமான்னு பாக்கணும். பக்கம் ஊமையா இருக்கே?"

"அது அவங்க நிபந்தனைண்ணா."

"என் கம்ப்யூட்டர், என் காது. நடுவுல அவனுக்கென்னடா வேலை? சரி, நீயே படிச்சுச் சொல்லு."

பக்கம் என் எதிரே திறந்தே இருந்தது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் உயிருக்கு ஆபத்து என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. ஆனால் மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடமா? "டாக்டரைக் கேட்டுக்குங்கண்ணா" என்று வைத்துவிட்டேன். டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார் என்பது எனக்கும் தெரியும்.

மறுநாள் அண்ணி வந்து பார்த்தபோது, அண்ணன் இரண்டு மாத்திரையையும் போட்டுக்கொண்டு, வாந்தியிலேயே குப்புறச் செத்துக் கிடந்திருக்கிறார். அண்ணி என் முகத்தில் காறித் துப்பினார். "ஒரு வரிடா. அதைச் சொல்ல உனக்கு வாய் வரலியா?" துடைத்துக்கொண்டேன். துக்கத்தில் இருப்பவர்களிடம் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நேற்று அந்த நிறுவனத்துக்காரர் உங்கள் முன்னால் என்ன சொன்னார்? "அதுவா சார், வேற எங்கேயோ இருந்து காப்பி பண்ணினது. நாங்களே படிச்சதில்ல." சொல்லிவிட்டுப் பல்லைக் காட்டினார். இப்படியும் மனிதர்களா என்று அருவருப்பாக இருந்தது.

பூட்டை எடுத்துவிட்டாயா என்கிறீர்கள். இல்லை. அந்த வரியை அவர்கள் இன்னும் நீக்கவில்லை, காலையில்கூடப் பார்த்தேன். சொந்த அண்ணனுக்கே விட்டுக்கொடுக்காதவன், ஊராருக்கு விட்டுக்கொடுத்தால் அது நியாயமா, சொல்லுங்கள்.