பாட்டு கேட்கும் செருப்பு

என் வீட்டில் பாட்டு கேட்பதற்கென்று தனியாக ஒரு ஜோடி ரப்பர் செருப்பு உண்டு. படூரில் என் அக்கம்பக்கத்தார் அதைப் பார்த்துக் குதிகால் வலி என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் மறுத்ததில்லை.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர். இதுதான் முதல்.

முப்பது வருஷம் பத்திரிகையில் செய்தி திருத்தினேன். ஓய்வு பெற்ற பிறகு ஒரு மாத இதழில் பத்து வருஷமாக ஒரே விஷயத்தை எழுதிவருகிறேன். இசைத்தட்டு கேட்க லட்ச ரூபாய் ரெக்கார்டு பிளேயர் வேண்டாம். கேளம்பாக்கத்துப் பழைய சாமான் கடையில் ஆறாயிரத்துக்குக் கிடைக்கும் நாற்பது வருஷத்துப் பெட்டி போதும். ஊசியை மட்டும் புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள். என்னை நம்பிப் பலர் வாங்கினார்கள். அவர்கள் எழுதிய கடிதங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. வேறு சொத்து எனக்கில்லை.

மாமல்லபுரத்தில் கடலோரம் விடுதி நடத்தும் தாவீது என் கட்டுரைகளை விடாமல் படிப்பார், ஒன்றையும் நம்ப மாட்டார். ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்குப் புதுப் பெட்டி வாங்கினார். "உங்க ஓட்டப் பெட்டிய எடுத்துகினு வாங்க சார். எம் பொண்டாட்டி கையால மீன் கொழம்பு துண்ணுட்டு தோத்துட்டுப் போங்க" என்றார். படுதாவுக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள், முன்னால் ஏழு பேர். எது எதுவென்று சொல்லாமல் ஒரே பாட்டை இரண்டிலும் போடுவது. முடிவு எதுவானாலும் அடுத்த இதழில் நான் எழுத வேண்டும். ஒப்புக்கொண்டேன்.

என் பெட்டியில் ஒரு குறை இருந்தது. அதன் மேல்பாகம் இரும்பு. உள்ளே மோட்டார் பழசாகிக் கொஞ்சம் கரண்ட் கசிந்தது. எர்த் ஒயர் அந்தக் கசிவை இழுத்துக்கொள்ளும் வரை யாருக்கும் ஆபத்தில்லை, ஆனால் பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். எர்த்தைக் கழற்றிவிட்டால் இரைச்சல் நின்றுவிடும். அப்போது இரும்பில் டெஸ்டரை வைத்தால் அதன் விளக்கு எரியும். வீட்டில் நான் அப்படித்தான் கேட்டுவந்தேன். செருப்பு அதற்குத்தான்.

தாவீது வீட்டுக்கும் எர்த்தைக் கழற்றியே கொண்டுபோனேன். கரண்ட் கசிந்தால் தானே துண்டித்துவிடும் ட்ரிப்பர் அவர் வீட்டில் உப்புக் காற்றில் துருப்பிடித்துச் செத்து, ஒயரை நேராக இணைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் பார்த்தேன். கவனிப்பது என் தொழில்.

ஏழு பேரில் ஐந்து பேர் என் பெட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். புதியதுதான் நன்றாகப் பாடியது என்பது முதல் பாட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

தாவீது கை கொடுத்தார். "ஒத்துக்கறேன் சார். ஒரு மாசம் இங்கயே வுட்டுட்டுப் போங்க, இதுல இன்னாதான் கீதுன்னு பாக்கறேன்." அப்போது நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எர்த்தை மாட்டுவார், இரைச்சல் வந்துவிடும். பத்து வருஷம் எழுதியதும் அதோடு போய்விடும். பெட்டியை விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

நான்காம் நாள் அவர் மனைவி பிரபா போன் செய்தார்.

"அண்ணாத்த, உங்க பெட்டியத் தொட்டா சுர்ருங்குது."

"கடல் காத்துக்கு அப்படித்தாம்மா இருக்கும். செருப்பு போட்டுக்கிட்டு தொடுங்க."

"வூட்டுக்குள்ள செருப்பா? எம் மாமியாரு போட்டோலேர்ந்து எறங்கி வந்து அதாலயே அடிக்கும்."

இருவரும் சிரித்தோம். அவர் போட மாட்டார் என்பது எனக்குப் புரிந்தது. நம் ஊரில் யார்தான் போடுவார்கள்? ஆனால் நான் சொல்லிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை காலை பிரபா தரையைத் துடைத்துவிட்டு, ஈரக் காலோடு பாட்டுப் போடப் போயிருக்கிறார். ஆம்புலன்சுக்கு அடுத்தபடியாக தாவீது எனக்குத்தான் போன் செய்தார். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். கதவு திறந்து கிடந்தது. தரை காய்ந்திருந்தது. பிளக்கைப் பிரித்து எர்த் ஒயரைப் பழையபடி மாட்டினேன். இரண்டு நிமிஷ வேலை. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் தாவீதின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சோதிக்க வந்தவர்கள் பெட்டியில் எர்த் இருப்பதைப் பார்த்தார்கள், வீட்டில் ட்ரிப்பர் இல்லாததையும் பார்த்தார்கள். வீட்டு ஒயரிங்தான் காரணம் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

மூன்று மாதமாக ஞாயிறுதோறும் தாவீது என் வீட்டுக்கு வருகிறார். பாட்டு கேட்பதில்லை. "ரெண்டாயிரம் ரூவா ட்ரிப்பரு சார். மாத்தாம வுட்டு நாந்தான் அவளக் கொன்னுட்டேன்" என்கிறார். நான் காப்பி போட்டுக் கொடுப்பேன். அடுத்த வாரமும் அதே வாக்கியம், ஒரு சொல்கூட மாறாமல். கேட்டுக் கேட்டு நான் மிகவும் களைத்துவிட்டேன். அதனால்தான் இங்கே வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். எர்த்தைக் கழற்றியது நான். தெரிந்தே அங்கே விட்டுவந்ததும், திரும்ப மாட்டியதும் நான். பிரபா என்னால்தான் இறந்தார், தாவீது மேல் தப்பில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒரு சின்ன வேண்டுகோள். ஏழு பேரில் ஐந்து பேர் பழையதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள், அது அச்சிலும் வந்துவிட்டது. அது வேறு விஷயம். அதை இதோடு சேர்க்காதீர்கள்.