மஸ்கட் சைட் தொறக்காத கதை

சைட் தொறக்கலைன்னா மொதல்ல மோடத்த அணைச்சுட்டு ஒரு டீ குடிங்க சார். குடிச்சு முடிச்சப்புறம் மறுபடி போடுங்க. பத்துல ஆறு கேஸ் அதுலயே சரியாப் பூடும். மீதி நாலு கேஸுக்குத்தான் இந்தக் கோவர்த்தனன் நகரியில கடை வெச்சிக்கினு குந்தியிருக்கான்.

உங்க கேஸ் அந்த நாலுல ஒண்ணு. மத்த சைட் எல்லாம் தொறக்குது, ரயில் டிக்கெட் சைட் மட்டும் வரமாட்டேங்குது. அப்ப ஒயர் மேல தப்பு இல்ல. பேர் தேடற எடத்துலதான் தப்பு. கம்ப்யூட்டருக்குப் பேர் தெரியாது சார், நம்பர்தான் தெரியும். நாம பேர அடிச்சா, வெளிய ஒரு பெரிய மெஷின் கிட்ட போயி இந்தப் பேருக்கு இன்னா நம்பர்னு கேட்டுக்கினு வரும். ஆனா அதுக்கு முன்னாடி தன் வயித்துக்குள்ளயே ஒரு சின்ன நோட்டு வெச்சிருக்குது, அதப் பாக்கும். நோட்டுல இருந்துச்சுன்னா வெளிய போயி கேக்கவே கேக்காது. நோட்டுல இருக்கறது தப்புன்னா நீங்க தலைகீழா நின்னாலும் சைட் வராது. இதோ பாருங்க, கடைசியில ரெண்டு வரி. வைரஸ் எழுதிட்டுப் போயிருக்குது. அழிச்சுட்டேன். டீ ஆறுது, குடிங்க.

நாளைக்கு நீங்க மாத்தலாயி விஜயநகரம் போறீங்க. லாரி கூட சொல்லியாச்சு. இனிமே இந்தப் பக்கம் வரமாட்டீங்க. அதனால உங்க கிட்ட ஒண்ணு சொல்லலாம். எங்க வூட்டு கம்ப்யூட்டர்லயும் இதே மாதிரி ஒரு வரி இருந்துச்சு. அத வைரஸ் எழுதல. நான் எழுதினேன்.

எங்க வூட்டுக்காரி தாட்சாயணிய நீங்க பாத்திருப்பீங்க. நர்ஸு. தெனமும் காலையில நகரி ஸ்டேஷன்ல ரயில் புடிச்சு, ரேணிகுண்டா தாண்டி திருப்பதியில எறங்கி, ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில வேலை பாக்கறா. ரெண்டாயிரத்து ஒம்போதுல மஸ்கட்டுல ஒரு ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டா. இண்டர்வியூ முடிஞ்சு, செலக்ட் ஆயிட்டேன்னு போன் வந்துச்சு. இருவதாம் தேதிக்குள்ள அவங்க சைட்ல போயி, வரேன்னு ஒரு பட்டன அமுக்கணும். அவ்ளோதான். அமுக்கலைன்னா அடுத்த ஆளுக்குப் பூடும்.

ஊர்ல எல்லாரும் என்னைத்தான் தப்பா நெனப்பாங்க, அதனால சொல்றேன். நான் ஒரு நாளும் அவளப் போவாதேன்னு சொன்னதில்ல. பாஸ்போர்ட்டுக்கு நான்தான் கூட்டிக்கினு போனேன். போட்டோ கடையில தலை சாயாம புடிச்சுக்கினு நின்னதும் நான்தான். எழுதப் படிக்கத் தெரிஞ்ச மனுஷன், பொண்டாட்டி முன்னேறதுக்குக் குறுக்க நிப்பேனா.

ஆனா சார், எங்க தெருவுல நாகபூஷணம்னு ஒருத்தன் இருக்கான். அவன் பொண்டாட்டி குவைத்துல இருக்கா. அவன் பேரே இப்ப யாருக்கும் ஞாபகம் இல்ல, குவைத்தம்மா புருஷன்னுதான் கூப்பிடறாங்க. காலையில அவனே சோறாக்கி, அவனே துன்னுட்டு, வாசல்ல குந்திக்கினு போன் அடிக்குமான்னு பாத்துக்கினு இருப்பான். அவன நான் தெனமும் தாண்டிப் போவணும். எனக்குப் பயமா இருந்துச்சு, அத ஒத்துக்கறேன்.

ஒரு ஞாயித்துக்கெழம அவ துணி துவைச்சிக்கினு இருந்தா. நான் அந்த நோட்டத் தொறந்து ஒரு வரி எழுதினேன். ஆஸ்பத்திரி சைட் பேர எழுதி, பக்கத்துல எந்தக் கம்ப்யூட்டரும் தன்னத்தானே கூப்பிட்டுக்கற நம்பரப் போட்டேன். இனிமே மஸ்கட் எங்கன்னு அவ கேட்டா, நீ குந்தியிருக்கற எடம்தான்னு அது சொல்லும். பாத்தீங்களா, அதுல ஒரு வார்த்த கூடப் பொய் இல்ல. அவ எங்கயும் போவலியே.

சாயங்காலம் அவ குந்தினா. சைட் வரல. "இன்னாங்க, இது தொறக்கலியே"ன்னா. நான் சட்டையக் கழட்டி மாட்டிட்டு வேலைய ஆரம்பிச்சேன். இப்ப உங்களுக்குச் செஞ்சேனே, அதே மாதிரி ஒண்ணு வுடாம. மோடத்த அணைச்சேன், போட்டேன். ஒயர மாத்தினேன். கமாண்ட் அடிக்கற கறுப்பு ஜன்னலத் தொறந்து, ஞாபகத்துல இருந்த பழசெல்லாம் தொடச்சேன். வேற பேர் மெஷின் நம்பரப் போட்டுப் பாத்தேன். நோட்ட மட்டும் தொறக்கல. அவ எனக்கு வெசிறிக்கினு நின்னா, ஃபேன் ரிப்பேரா இருந்த நேரம் அது.

பிரவுசிங் சென்டருக்குப் போறேன்னு சொன்னா. நகரியில இருக்கறதே ரெண்டு. ரெண்டையும் நான்தான் பாத்துக்கறேன். அந்த வாரமே போயி சர்வீஸ் பண்ணிட்டு வந்துட்டேன், பதினோரு கம்ப்யூட்டர்லயும் அதே வரி. திருப்பதியில பாக்கறேன்னா. அங்க வெளியாளுங்க பாஸ்வேர்டத் திருடுவாங்க, உன் பேர்ல வேற எவளாவது மஸ்கட் போயிடுவான்னு சொன்னேன். நம்பிட்டா. கம்ப்யூட்டர் விஷயத்துல அவ என்னை டாக்டர் மாதிரி நம்புவா. மஸ்கட்டுக்கு ஒரு தடவ போன் போடலாம்னா. உனக்கு இங்கிலீஷ்ல தடுமாறும், நான் பேசறேன்னு தெருமுனை பூத்துக்குப் போனேன். போன் போடாம பூத்துக்காரன் கிட்ட ஊர்க்கதை பேசிட்டு வந்து, சைட் அங்கயே ரிப்பேராம், ரெண்டு நாள்ல வருமாம்னு சொன்னேன்.

கம்ப்ளெய்ன்டும் குடுத்தேன் சார், முறைப்படி. டெலிபோன் லைன்மேன் பாலையா மழையில வந்தாரு. மூணு தபா கம்பம் ஏறிப் பாத்துட்டு, ஒயர் பாகானே உந்தி, நல்லாத்தான் இருக்குதுன்னு தெலுங்குல சத்தியம் பண்ணாரு. மூணாவது தபா எறங்கும்போது வழுக்கி வுழுந்து கணுக்கால் வீங்கிப் போச்சு. தாட்சாயணிதான் கட்டுப் போட்டா. அந்த மனுஷனும் எங்க மாடத்துல இருந்த பெருமாளக் கும்புட்டுட்டு, உங்க வேலை ஆவும்மான்னு சொல்லிட்டு நொண்டிக்கினே போனாரு.

எங்கம்மா கன்னியம்மாள் வேற. கம்ப்யூட்டர் அக்னி மூலையில இருக்குது, சூடு புடிச்சுக்கிச்சுன்னாங்க. மேஜையத் தூக்கி ஈசானி மூலைக்குக் கொண்டுபோனோம், நானும் ஒரு பக்கம் புடிச்சேன். மோடத்துக்கு எலுமிச்சம்பழம் கட்டினாங்க. நான் ஈரம் படாம ஒரு பிளாஸ்டிக் கவர் மட்டும் போட்டு வுட்டேன்.

பதினெட்டாம் தேதி தாட்சாயணி குளிச்சுட்டு வந்து, ஈரத் தலையோட பெருமாள் படத்து முன்னாடி நின்னா. முடி இடுப்புக்குக் கீழ வரைக்கும் இருக்கும் அவளுக்கு. கல்யாணத்துல சவுரி வெச்சுப் பின்னாத ஒரே பொண்ணுன்னு ஊரே பேசிச்சு. "சாமி, அந்த சைட் தொறந்துட்டா இந்த முடிய உனக்குக் குடுத்துடறேன்"ன்னு சத்தமாவே சொன்னா. நான் பின்னாடி ஸ்க்ரூ டிரைவரோட நின்னுக்கினு இருந்தேன்.

இருவதாம் தேதி போச்சு. இருவத்தொண்ணாம் தேதி காலையில அவ எழுந்திருக்கறதுக்கு முன்னாடி அந்த வரிய அழிச்சுட்டேன். அப்படியே வுட்டிருக்கலாம்தான். ஆனா தொழில் பாக்கற கம்ப்யூட்டர்ல தப்ப வெச்சிக்கினு எனக்குத் தூக்கம் வராது. சைட் பளிச்சுன்னு தொறந்துச்சு. தேதி முடிஞ்சுதுன்னு சிவப்பு எழுத்துல போட்டிருந்தான். அவ ரெண்டு தடவ படிச்சா. அழல. கையெடுத்துக் கும்புட்டா. "தொறந்துடுச்சில்ல"ன்னா.

அப்புறம்தான் சார் எனக்குத் தெரிஞ்சுது, அவ முடி குடுக்கத் திருப்பதி மலைக்குக் கெளம்பறான்னு. எங்கம்மா கூட, கல்யாணம் ஆன பொண்ணு, பூ முடி மட்டும் குடு, நுனியில மூணு வெட்டு போதும்னாங்க. நானும் சொன்னேன், வேலை கெடைக்கலியே, எதுக்குக் குடுக்கணும்னு. "நான் வேலையக் கேக்கல. சைட் தொறக்கணும்னுதான் கேட்டேன். அவர் தொறந்துட்டார். நான் ஏமாத்தலாமா"ன்னு கேட்டா. நான் போயி பஸ்ஸுக்கு சில்லறை எடுத்து வெச்சேன்.

மலை மேல மொட்டை போடற கல்யாணகட்டாவுல அவ செருப்பையும் கிளிப்பையும் கையில வெச்சிக்கினு, எங்க பொண்ணு பாப்பாவ இடுப்புல தூக்கிக்கினு நின்னேன். பொம்பள ஆளே சவரம் பண்ணுச்சு. முடி கொத்துக் கொத்தா மடியில வுழுந்துச்சு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கினேன், பொய் சொல்லக் கூடாது. சந்தனம் பூசிக்கினு அவ வெளிய வந்தப்ப பாப்பா யாரோன்னு நெனச்சு வீல்னு கத்தி என் கழுத்தக் கட்டிக்கிச்சு. அவ சிரிச்சா. எறங்கி வர பஸ்ல என் தோள்ல அந்த மொட்டைத் தலைய சாய்ச்சு, "எனக்காக எவ்ளோ அலைஞ்சீங்க, பாவம்"னா. அந்த ஒரு வார்த்தைக்கு நான் எத்தினி மோடம் வேணும்னாலும் மாத்துவேன் சார்.

இன்னா அப்படிப் பாக்கறீங்க. அவ நல்லாத்தான் இருக்கா. ரெண்டு வருஷத்துல முடி தோள் தாண்டி வந்துடுச்சு. போன மாசம் கத்தார்ல வேற ஒரு ஆஸ்பத்திரியில செலக்ட் ஆயிருக்கா. இதுக்கும் சைட்ல போயி பட்டன அமுக்கணும், முப்பதாம் தேதிக்குள்ள. மூணு நாளா தொறக்கல. இன்னிக்குக் காலையில ரயிலுக்குக் கெளம்பும்போது சொன்னா, இந்தத் தபா பாப்பா முடியையும் சேத்து வேண்டிக்கினு இருக்காளாம்.

முப்பது தாண்டட்டும். அந்த வரிய நானே எடுத்துடுவேன். அவ வேண்டுதல் வீணாப் போவ வுடமாட்டேன் சார், நான் அந்த மாதிரி ஆள் இல்ல.