விளக்கேற்ற வருகிறவர்

பிப்ரவரியின் முதல் திங்கட்கிழமை, பொன்முடியிலிருந்து திருவனந்தபுரம் போகும் காலைப் பேருந்தில் கல்லாற்றில் ஏறினேன். முன் இருக்கையில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர். இளையவள் தன் அண்ணியிடம் சொன்னாள்:

“இன்னைக்கு என் மகளுக்கு நினைவுக் கூட்டம். அவ மேல கேஸ் கொடுத்த மேனேஜர் சாருதான் விளக்கேத்துதாராம், மைனி.”

“சண்டை நடக்குற நாட்டுல, பிள்ளைகளைச் சுட விடாம பள்ளிக்கூட வாசல்ல நின்னு செத்தவள்லா? பெரிய ஆளுங்க வரத்தான் செய்வாங்க.”

“நம்ம லயத்து வீடுகளை இடிக்க வந்தப்பவும் வாசல்லதான் நின்னா. அப்போ அவ ரவுடி.”

“கேஸைப் பிறகு வாபஸ் வாங்கிட்டாருல்லா? மேடையில நீ அவருக்கு ஒரு நன்றி சொல்லணும், கேட்டோ.”

“வாபஸ் வாங்கச் சொல்லி அவரு கால்ல விழுந்தது நான்தான் மைனி. கேஸ் இருந்தா பாஸ்போர்ட் கிடைக்காதுன்னு பிள்ளை ராத்திரியெல்லாம் அழுதா. பாவம்னு நினைச்சு விழுந்தேன். அந்த மனுஷன் அன்னைக்கு என்னை எட்டி உதைச்சிருந்தா, இந்நேரம் அவ எனக்குப் பக்கத்துல நின்னு கொழுந்து பறிச்சிட்டிருப்பா. அதுக்கா நன்றி சொல்லச் சொல்லுதீங்க?”

மூத்தவள் ஜன்னலை ஏற்றிவிட்டாள். விதுராவில் நடத்துநர் வந்து கேட்டபோது, அவளே இருவருக்கும் டிக்கெட் எடுத்தாள்; கூட்டம் முடியுமுன்னே திரும்பிப் போக எந்த பஸ் என்றும் விசாரித்தாள்.