வெண்டலுக்கு இன்னும் ஒரு பருவம்

கணுக்கால் பிசகாமலிருக்க நாடா சுற்றுவது தலை சீவுவதைப் போலத்தான், மேடம். கை பழகிவிட்டால் மனம் வேறெங்காவது போய்விடும். நெப்ராஸ்காவில் எங்கள் சின்னக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குக் காயம் பார்ப்பவன் நான். டாக்டர் இல்லை. பையன்கள் 'டாக்' என்பார்கள்.

ஆட்டத்துக்கு முன் என் மேஜையில் காலை நீட்டிக்கொண்டு மற்றவர்கள் காதில் பாட்டை மாட்டிக்கொள்வார்கள். பந்தை எறியும் வெண்டல் ஷ்ரைனர் மட்டும் என்னோடு பேசுவான். அவன் அம்மா சுட்டுக் கொடுத்த இறைச்சி பன்னில் எனக்குப் பாதி. எனக்கு வேறு யாரும் இல்லை. இரக்கத்துக்காகச் சொல்லவில்லை.

விதி உங்களுக்குத் தெரியும், கல்லூரி விளையாட்டுச் சங்கத்திலிருந்து விசாரிக்க வந்திருக்கிறீர்கள். வருஷத்துக்கு ஒன்றாக ஒருவன் நான்கு பருவம் ஆடலாம். தொடக்கத்திலேயே அடிபட்டு உட்கார்ந்துவிட்டால் அந்தப் பருவம் கணக்கில் வராது. அடுத்த வருஷம் திரும்ப ஆடலாம். அதை எழுதியவருக்கும் ஒரு வெண்டல் இருந்திருக்க வேண்டும்.

அவனுடைய கடைசிப் பருவத்தின் முதல் ஆட்டத்தில், குதிகாலைப் பிடித்து நிறுத்தும் சுற்றை விட்டுவிட்டேன். கணுக்கால் பிசகியது. நான்தான் தோள் கொடுத்து வெளியே கொண்டுவந்தேன். அடுத்த வருஷமும் அதே சுற்றை மறந்தேன். மறந்தேன் என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அதற்குள் அணியே அவனைத் 'தாத்தா' என்றது. புதுப் பையன் ஒருவன் அவனை வழியில் நிறுத்தி, "சார், நீங்க எந்தப் பாடம் எடுக்குறீங்க?" என்றான்.

"சரித்திரம்டா. உங்கப்பா என் கிளாஸ்மேட்."

ஓமஹாவில் அவனுக்கு நிச்சயமான ஜோலீன் கல்யாணத்தை இரண்டு முறை தள்ளிவைத்திருந்தாள். போன ஆகஸ்டில் எனக்கு போன் செய்தாள்.

"டாக், இந்த வருஷமாவது இவர முழுசா அனுப்பி வைங்க. அப்பாவோட தானியக் கிடங்குல வேலை காத்துக்கிட்டிருக்கு. இன்னும் தள்ளிப்போட்டா ஊன்றுகோலோடதான் மணமேடை ஏறணும்."

"யாரு, அவனா?"

"நானு."

சிரித்தோம். அனுப்பிவைப்பதாகச் சொன்னேன்.

மூன்றாம் முறை கணுக்காலோடு முழங்காலும் போனது. நான் நினைத்ததைவிட அது கொஞ்சம் அதிகம். அன்று சனிக்கிழமை. ஞாயிறன்று நீங்கள் விதியை நீட்டிவிட்ட செய்தி வந்தது: எல்லோருக்கும் இன்னொரு பருவம், அடிபடவே தேவையில்லை. வெண்டலுக்கும் சேர்த்துத்தான். ஆனால் இனி ஆட்டமே கிடையாது, ஏணிகூட ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தானியக் கிடங்கில் ஏணிகள்தான்.

இன்னொரு பருவம் வேண்டுமென்று அவன் கேட்டானா என்கிறீர்கள். இல்லை. கேட்டால்தான் கொடுப்பது என்றால் அது என்ன அன்பு?

ஆமாம், மூன்றும் நான் செய்தவை. எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாள் முன்னதாக அறிவித்திருந்தால் அந்த முழங்கால் தப்பியிருக்கும் என்பதையும் உங்கள் மேலிடத்தில் சொல்லுங்கள்.

அவன் இடத்துக்குப் பதினெட்டு வயதில் ஒருவன் வந்திருக்கிறான். நேற்றுத்தான் முதல்முறை நாடா சுற்றினேன். நல்ல பையன், மேடம். ஐந்து பருவம் அவனுக்குப் போதாது.